கேட்காமல் கேட்கும் கேள்வி

நம் அம்மாக்கள் வேலைக்கு விண்ணப்பித்த காலத்தில் பயோடேட்டா என்று ஒரு தாள் இருந்தது. தகப்பனார் அல்லது கணவர் பெயர், மதம், சாதி, திருமணமானவரா என்று வரிசையாக எழுத வேண்டும். கடைசியில், மேற்கண்ட யாவும் உண்மை என்று உறுதிமொழி, கையெழுத்து. இன்றைய ரெஸ்யூமேயில் இவை எதுவும் வேண்டாம் என்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் கல்யாணமாயிற்றா, குழந்தை உண்டா என்ற கேள்வி தாளைவிட்டுப் போய்விட்டதா? போகவில்லை என்பேன். அது இப்போது தேதிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது.

வேலை தேடும் மாணவிகளின் ரெஸ்யூமேக்களைத் திருத்தித் தருவது சில ஆண்டுகளாக என் வேலைகளில் ஒன்று. அதனால், மென்பொருளின் வடிகட்டியைத் தாண்டும் ரெஸ்யூமேயை எழுதுவது எப்படி என்று கற்றுத்தரும் அறிவுரைகளை நிறையப் படிக்கிறேன். அவற்றில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் ஒரே குரலில் சொல்லப்படுகின்றன. பெண்கள் அவற்றைப் பிரித்துப் படிக்க வேண்டும்.

முதலாவது, மென்பொருள் எப்படிப் படிக்கிறது என்பது. அது நம் தாளிலிருந்து எழுத்தை மட்டும் உருவி எடுத்து, பெயர், படிப்பு, வேலை, தேதி என்று கட்டங்களை நிரப்புகிறது. பக்கத்தை இரண்டாகப் பிரித்து எழுதினாலோ, அட்டவணை போட்டாலோ, எழுத்தைப் படமாக ஒட்டினாலோ தடுமாறலாம். ஆள் எடுப்பவர் பிறகு சொற்களைத் தட்டித் தேடுகிறார். ஆகவே மேலிருந்து கீழாக நேராக எழுதுங்கள். கல்வி, அனுபவம் என்று வழக்கமான தலைப்புகளைக் கொடுங்கள். நீங்கள் உண்மையில் செய்த வேலைக்கு விளம்பரத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே எழுதுங்கள். வங்கிச் சலானைக் கட்டத்துக்குள் நிரப்புவது போன்றதுதான் இது. இந்த அறிவுரையோடு எனக்குச் சண்டை இல்லை.

இந்தக் கட்டங்களிலும் நமக்கு ஒரு முள் உண்டு. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று கேட்கிறார்கள். நமக்கோ இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் எழுத்து, கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த அட்டையில் கணவரின் எழுத்து. எல்லா விண்ணப்பங்களிலும் சான்றிதழில் உள்ளபடி ஒரே பெயரை எழுதச் சொல்கிறேன். தம்பிக்கோ அண்ணனுக்கோ இதைச் சொல்ல வேண்டி வந்ததில்லை.

இரண்டாவது, மென்பொருள் எதை மதிக்கிறது என்பது. 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. அமேசான் நிறுவனம் 2014 முதல், ரெஸ்யூமேக்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடும் மென்பொருளை உருவாக்கிவந்தது. பத்தாண்டுகளில் தனக்கு வந்த ரெஸ்யூமேக்களைக் கொண்டு அதைப் பழக்கியது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. எனவே ஆண்களே பொருத்தமானவர்கள் என்று மென்பொருள் கற்றுக்கொண்டது. பெண்கள் சதுரங்க மன்றத் தலைவி என்பது போன்ற வரியில் 'பெண்கள்' என்ற சொல் வந்தால் மதிப்பைக் குறைத்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களைக் கீழே இறக்கியது. அந்தச் சொற்களுக்குத் திருத்தம் செய்தார்கள். ஆனாலும் வேறு வழியில் பாகுபாடு நுழையாது என்ற உறுதி கிடைக்கவில்லை. திட்டம் கைவிடப்பட்டது. ஆள் எடுப்பவர்கள் அதைக் கொண்டு யாரையும் மதிப்பிட்டதில்லை என்று நிறுவனம் சொன்னது.

பெண்களை விலக்கு என்று யாரும் அதற்குக் கட்டளை எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே நடந்ததைக் காட்டி, இதுபோலச் செய் என்றார்கள். அவ்வளவுதான்.

இதைக் கேள்விப்பட்ட மாணவிகள், "மேம், மகளிர்னு வர்றதை எல்லாம் எடுத்துடலாமா?" என்கிறார்கள். கல்லூரியின் பெயரிலேயே மகளிர் இருக்கிறதே, அதை எங்கே எடுப்பது? ஆண்களோடு சேர்ந்து படிக்க அனுப்பாத வீடுகளிலிருந்து எத்தனையோ பெண்கள் பட்டம் வாங்கியது இந்தக் கல்லூரிகளால்தான். அதைக் குறையாக எண்ணி மறைக்கச் சொல்லும் அறிவுரை, வடிகட்டியின் கோளாறைப் பெண்ணின் தாளில் திருத்தப் பார்க்கிறது.

தேதிகளுக்கு வருவோம். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் நிறுவனங்களைக் கேட்டது. வேலையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ரெஸ்யூமேயை ஒதுக்கிவிடுவதாக ஏறக்குறைய பாதி நிறுவனங்கள் கூறின. நம் நாட்டில் 2017 சட்டத்திருத்தம் முதல் இரண்டு பேறுகளுக்குத் தரும் சம்பளத்தோடு கூடிய விடுப்பு 26 வாரம், அதாவது ஆறு மாதம். நிரந்தர வேலையில் இருப்பவருக்கு அது இடைவெளியாகத் தெரியாது. ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவருக்கும், பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் ராஜினாமா செய்தவருக்கும், படுக்கையில் கிடந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டவருக்கும் தெரியும். ஏன் என்று கேட்பதற்கு முன்பே எத்தனை மாதம் என்று எண்ணிவிடும் வடிகட்டி இது. பயோடேட்டாவிலாவது கேள்வி கண்ணுக்குத் தெரிந்தது.

மாதத்தை விட்டுவிட்டு ஆண்டை மட்டும் எழுதினால் இடைவெளி மறையும் என்பது பரவலான யோசனை. தாளில் மறையலாம். இணைய விண்ணப்பத்தில் மாதத்தையும் கேட்டால் அங்கே அகப்பட்டுவிடும். அந்த ஆண்டுகளை ஒரே வரியில் நேராக எழுதச் சொல்கிறேன்: எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, குடும்பப் பராமரிப்பு, அப்போது முடித்த படிப்போ பகுதிநேர வேலையோ இருந்தால் அதுவும். வடிகட்டி இதை மதிக்காமல் போகலாம். அதனால், அந்த நிறுவனத்தில் தெரிந்த ஒருவர் வழியாக மனிதக் கைக்கும் ஒரு பிரதி போகட்டும். தெரிந்தவர் இருக்கும் வாய்ப்பும் எல்லாப் பெண்களுக்கும் ஒன்றுபோல் இல்லை என்பதால், இதோடு நின்றுவிடவும் முடியாது.

நியூயார்க் நகரில் 2023 ஜூலை முதல் அமலில் இருக்கும் சட்டப்படி, இத்தகைய கருவிகளில் பாகுபாடு உண்டா என்று வெளியார் தணிக்கை செய்ய வேண்டும், விண்ணப்பிப்பவருக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 சட்டம், ஆள் எடுக்கப் பயன்படும் செயற்கை நுண்ணறிவை அதிக ஆபத்துள்ள வகையில் சேர்த்திருக்கிறது. வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களிடம் நம் கல்லூரிகளும் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: உங்கள் மென்பொருள் எதைப் பார்த்து ஒதுக்குகிறது? அதில் இடைவெளி ஒரு காரணமா? மாணவிகளிடம் ரெஸ்யூமேயை மறுபடி மறுபடி திருத்தச் சொல்லும் நாம், இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.