நாடகத்தனம் என்றொரு வசை

எளாவூரில் ஏறினால் சென்னைக்கு மின்ரயிலில் ஒரு முழுப் படம் பார்த்துவிடலாம். போன வாரம் போனில் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) ஓடிக்கொண்டிருந்தது. கும்மிடிப்பூண்டியில் ஏறிய நண்பன் எட்டிப் பார்த்துவிட்டு, "டிராமாவ அப்பிடியே படம் புடிச்சு வச்சிருக்காங்கடா" என்றான். சுருக்கென்றது. இன்ஜினியரிங் படித்த காலத்தில், உலக சினிமா பார்க்க ஆரம்பித்த ஜோரில், ஏ.பி.நாகராஜனைப் பற்றி நானும் இதையேதான் சொல்லித் திரிந்தேன்.

குற்றச்சாட்டில் பாதி உண்மை. 1928இல் பிறந்த நாகராஜன், சிறுவனாகவே டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து பெண் வேடம் கட்டியவர். 'நால்வர்' (1953) வழியாக சினிமாவுக்கு வந்து, 'வடிவுக்கு வளைகாப்பு' (1962) படத்தில் இயக்குநரானார். அவர் படங்களில் ஆட்கள் வரிசையாக நின்று, முழு வாக்கியங்களில் பேசுவார்கள். ஆனால் மேடையிலிருந்து அவர் கொண்டுவந்தது வசனத்தை மட்டும்தானா?

சாட்சியையும் கொண்டுவந்தார் என்பது என் கட்சி. அவருடைய நல்ல காட்சிகளில் ஃபிரேமுக்குள்ளேயே பார்வையாளர்கள் இருப்பார்கள். 'நவராத்திரி'யில் (1964) சாவித்திரி கூத்து மேடை ஏறுகிறார். 'திருவிளையாட'லில் (1965) பாட்டு அரசவையில் தீர்ப்புக்கு வருகிறது. கடவுளிடமே குற்றம் சொல்லும் நக்கீரராக நடித்திருப்பவர் நாகராஜனேதான்.

'தில்லானா'வின் 'நலந்தானா' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். காயம்பட்டுத் தேறி வந்து சண்முகசுந்தரம் நாதஸ்வரம் வாசிக்கிறார். மோகனா அவரை நலம் விசாரிக்க வேண்டும். நூறு பேர் நடுவில், ஆடிக்கொண்டே கேட்கிறாள். சபைக்கு அது பாட்டு. ஒருவருக்கு மட்டும் அது கேள்வி. கூட்டத்தின் முன்னால் ஒருவரிடம் மட்டும் ரகசியம் பேசுவது மேடை கற்றுக்கொடுத்த வித்தை. பத்மினியின் கண்ணுக்கும் சிவாஜியின் கண்ணுக்கும் மாறி மாறி வெட்டிப்போவது சினிமாவால் மட்டுமே முடிந்தது. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் அந்தக் காட்சியே இல்லை.

அதே மனிதர் சறுக்கியதும் உண்டு. டி.கே.எஸ். குழு நடித்த அரு.ராமநாதனின் நாடகம்தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' (1973) ஆனது. திரை அகலமானது, அரண்மனை நிறைய ஆட்கள். ஆனால் அவர்கள் சாட்சிகள் அல்ல, தோரணங்கள். ராஜராஜனைக் குற்றம் சொல்ல அங்கே ஒரு நக்கீரர் இல்லை. அந்தப் படம் அலுப்பூட்டக் காரணம் நாடகத்தனம் அல்ல. நாடகத்தின் உயிரான பகுதி அதில் விட்டுப்போனதுதான். நாகராஜன் 1977இல் இறந்தார். அகலத்திரையில் சாட்சிகளைத் திரும்ப உட்காரவைக்க அவருக்கு அதிக காலம் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் ஆயா என்னை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடியக் கூத்து பார்க்கும். துகில் உரியும் இடத்தில் நான் ஆட்டத்தைப் பார்த்ததைவிட ஆயாவின் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். அங்கே அழுகிற ஒரு முகம் இருந்ததால்தான் எனக்கும் அழுகை வந்தது.

இதையெல்லாம் ரயிலில் நண்பனிடம் சொல்லவில்லை. ஒரு இயர்போனைக் கழற்றி அவனிடம் நீட்டினேன். பாட்டு முடியும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தது அவன் முகத்தை.