குருபத்தியும் குருவின் அறிதலும்: வளைகுடாச் சூழலில் சிவஞானபோத எட்டாம் நூற்பா

ஞானம் பெறக் குருபத்தி இன்றியமையாதது என்னும் கொள்கை வளைகுடா நாடுகளில் இருவேறு வடிவங்களில் விளங்குகிறது. முதலாவது, கோயிலாக எழுந்தது. சுவாமிநாராயண மரபின் பிரமுக் சுவாமி மகராஜ் 1997இல் சார்ஜாப் பாலைவனத்தில் கொண்ட விருப்பம், அவர் 2016இல் மறைந்த பின்னும் சீடர்களால் போற்றப்பட்டு, 2024 பிப்ரவரி 14இல் மகந்த் சுவாமி மகராஜ் முன்னிலையில் அபுதாபிக் கோயிலாக நிறைவேறியது. இரண்டாவது ஆரவாரமற்றது, பணி முடிந்து, தங்குமிட அறையில், கைப்பேசிவழியே தாயகத்து ஆசிரியர் உரையைக் கேட்கும் தமிழரின் பத்தி அது.

குருவை நேரிற் காணாமையால் இவ்விரண்டாவது பத்தி குறையுடையது என்பர். சைவ சித்தாந்தம் இக்காரணத்தை அப்படியே ஏற்பதில்லை. தீக்கை வகைகளைத் தொகுக்கும் சிவஞானசித்தியார், பார்வை, தொடுதல், சொல் ஆகியவற்றோடு நினைவால் அருளும் மானதத்தையும் எண்ணுகிறது. எனவே தொலைவு தன்னளவில் தடையன்று.

தடை வேறிடத்தில் உள்ளது. புலன்களாகிய வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த உயிருக்கு, அதன் தவத்தால் முதல்வனே குருவாய் வந்து உண்மையை உணர்த்துகிறான் என்பது சிவஞானபோத எட்டாம் நூற்பாவின் கருத்து. வேடரிடம் வளர்ந்த அரசகுமாரன் உவமையின் உயிர்நிலை அறிவுரை அன்று, அடையாளம் காணல். மகனை மகனென்று அறிந்தவனே அவனை மீட்பான். மானத தீக்கையிலும் நினைப்பவர் குருவே. பதிவுசெய்த உரை பல்லாயிரவரைச் சென்றடையும். அவர்களுள் ஒருவரது பக்குவத்தையும் அஃது அறியாது.

அருணந்தி சிவாசாரியார் வரலாறு இதனைத் தெளிவாக்கும். மெய்கண்டார் குடும்பத்தின் குலகுருவாகிய அவர், இளைஞராகிய மெய்கண்டாரிடம் ஆணவத்தின் இயல்பை வினவினார். மெய்கண்டார் விடை கூறாது அவரையே உற்றுநோக்க, தம் நிலையே விடையென உணர்ந்து அடிபணிந்தார் என்பது மரபு. வினவ வந்தபோது அவரிடம் பணிவு இல்லை. தாம் அறியப்பட்ட கணத்தில் அது பிறந்தது. இங்குப் பத்தி, கல்விக்கு முன்கூட்டிச் செலுத்தும் விலையன்று, அறியப்பட்டமையின் விளைவு.

ஆதலின் வளைகுடாத் தமிழரிடம் மேலும் பத்தியை வேண்டும் உரைகள் இம்மரபின் ஒருபாதியையே கூறுகின்றன. மாணவனைப் பெயரும் நிலையும் பக்குவமும் அறிந்து ஏற்கும் கடமை ஆசிரியருடையது. அக்கடமை நிறைவேறாதவிடத்துப் பத்தி எத்துணைப் பெரிதாயினும், சித்தாந்தம் கூறும் குரு–மாணவர் உறவு அங்குத் தொடங்கவில்லை என்றே கொள்ளத்தகும்.