தாளத்தில் அகப்படும் ரேடார்

மாத்தளை மாவட்டத்தில் இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்கள் சிற்றலை கேட்கத் தோதானவை. கிழக்கே நக்கிள்ஸ் மலைகள் மறித்து நின்றாலும், அயன மண்டலத்தில் பட்டு மேலிருந்து இறங்கும் அலைகளுக்கு அவை பெரிய தடையல்ல. இரவில் முள்ளை நகர்த்தும்போது இரண்டு நிலையங்களுக்கு நடுவே 'டர்ர்ர்' என்று ஓர் இரைச்சல் ஏறும். பேச்சுமில்லை, பாட்டுமில்லை. அது எதுவென்று கேட்டே கண்டுபிடிப்பதை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன்.

முதல் சந்தேகம் சொந்த வீட்டின் மேல்தான் விழவேண்டும். நமது மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று. மலிவான சார்ஜரும் எல்ஈடி பல்பும் அதையொட்டியே இரையும். இதே சிற்றலையில் இயங்கி அடிவானத்துக்கு அப்பால் பார்க்கும் ரேடார்களிலும் பல, செக்கனுக்கு 50 முறை வீசுபவை. ஆகவே மெயின் சுவிச்சை இறக்கிவிட்டு, பற்றரியில் கேளுங்கள். பக்கத்து லயத்திலும் மின்சாரம் இல்லாத நேரமென்றால் இன்னும் நல்லது.

அப்போதும் இரைச்சல் நிற்கவில்லையென்றால் ரசனை தொடங்குகிறது. கச்சேரியில் தாளம் போடும் ரசிகரைப்போல எண்ணவேண்டும். ரேடார் ஒரு துடிப்பை அனுப்பி, அதன் எதிரொலி திரும்பியபின் அடுத்ததை அனுப்புகிறது. வானொலி அலை மில்லிசெக்கனுக்கு 300 கிலோமீற்றர் ஓடும். செக்கனுக்கு 50 துடிப்பென்றால் இடைவெளி 20 மில்லிசெக்கன். போய்வர 6,000 கிலோமீற்றர். அதாவது அது குழப்பமின்றி அளக்கக்கூடியது 3,000 கிலோமீற்றர் வரை. ரஷ்யாவின் 'கொன்தைனர்' ரேடார் இந்த வேகத்தில்தான் வீசுகிறது. அதன் வீச்செல்லையாகச் சொல்லப்படுவதும் ஏறத்தாழ அதே தூரந்தான். முகம் காட்டாத ஒன்று, எவ்வளவு தூரம் பார்க்க நினைக்கிறது என்பதைத் தன் தாளத்திலேயே சொல்லிவிடுகிறது! இதைவிட அழகான தடயத்தை நான் அறியேன்.

1976இல் உலகெங்கும் சிற்றலையில் 'டக்டக்டக்' என்று புகுந்த தட்டலுக்கு நேயர்கள் 'ரஷ்ய மரங்கொத்தி' என்று பெயர் வைத்தார்கள். செக்கனுக்குப் பத்துத் தட்டு. அந்தக் கணக்கில் 15,000 கிலோமீற்றர் வரை இடமுண்டு. கண்டம் தாண்டும் ஏவுகணைகளைத் தேடுவதற்குப் பொருந்தும் தாளம். பல நாடுகளின் அமெச்சூர் வானொலிக்காரர்கள் திசைகளைக் கோடிட்டுப் பார்த்தபோது அவை சோவியத் உக்ரேனில் போய்க் கூடின. தட்டலை எழுப்பிய ரேடாரின் வாங்கி நிலையம் செர்னோபில் அணுமின் நிலையத்துக்கு அருகிலேயே இருந்தது. தட்டல் 1989இல் ஓய்ந்தது.

இன்று திரையில் சாய்கோடுகளாகவும் இந்த வீச்சுகளைப் பார்க்கலாம், வசதிதான். ஆனாலும் காதுதான் முதலில் பிடிக்கிறது. பரணில் பழைய சிற்றலைப் பெட்டி கிடந்தால் இரும்புக்குப் போடாதீர்கள். இரவில் ஒரு மணி நேரம் அதனோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.