கதைக்குள் கட்டும் அரண்மனை

மன்னார்புரத்தில் எங்கள் தெருக்கோடி வீட்டு அம்மாள், நான் எழுதிய சரித்திரத் தொடர்கதையை வாரம் தவறாமல் படித்தவர். கதை முடிந்த பிறகு ஒருநாள் என்னை வழியில் நிறுத்திக் கேட்டார்: "எல்லாம் நன்றாக இருந்தது ஸார். ஆனால் ராணி அந்தப்புரத்திலிருந்து தர்பாருக்கு எந்த வழியாக வருவாள்?"

சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். உண்மையில் எனக்கே தெரியாது. தூண்களைப் பக்கம் பக்கமாக வர்ணித்திருந்தேன். உப்பரிகைக்கும் நிலவுக்கும் குறைவில்லை. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே வாசற்படி வைக்கத்தான் மறந்திருந்தேன்.

மறுநாள் டவுன் பஸ் ஏறி, மலைக்கோட்டை அருகே இருக்கும் ராணி மங்கம்மாள் மஹாலுக்குப் போனேன். பெயர்தான் மங்கம்மாளுடையது, கட்டியவர் அவள் கணவர் சொக்கநாத நாயக்கர். 1659 முதல் 1682 வரை ஆண்ட அவர், தலைநகரை மதுரையிலிருந்து திருச்சிக்கு மாற்றினார். பாட்டனார் திருமலை நாயக்கர் 1636-இல் கட்டிய மதுரை மஹாலில் பெரும் பகுதியைப் பிரித்து, வேலைப்பாடுள்ள பொருள்களை இங்கே கொண்டுவந்தார். மதுரையில் எஞ்சியது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. இங்கே எஞ்சியிருப்பது தர்பார் மண்டபம். அதற்குள் இப்போது அரசு அருங்காட்சியகம். பேரனுக்காக 1689 முதல் 1706 வரை ராஜ்யபாரம் சுமந்த மங்கம்மாள் எங்கே தூங்கினாள், எந்த வாசலில் நின்று பேரனைக் கூப்பிட்டாள் என்பதற்கு அங்கே விடை இல்லை.

நம் சரித்திர நாவல்களின் குறை எங்கே பிறந்தது என்று அந்த மண்டபத்தில் நின்றபோது விளங்கிற்று. காலம் நமக்குத் தர்பாரை மட்டும் விட்டு வைத்தது. நாமும் தர்பாரை மட்டும் எழுதினோம். நம் ராணிகள் சிம்மாசனத்தில் வீற்றிருப்பார்கள், எழுந்து நடக்கமாட்டார்கள். ஆனால் மதுரையில் பத்துத் தூண் சந்தும் நவபத்கானா தெருவும் இன்றும் இருக்கின்றன. இடிந்த அரண்மனையின் வரைபடம் தெருப்பெயராக மாறி உட்கார்ந்திருக்கிறது. அதைப் படிக்க நமக்குப் பொறுமை இல்லை.

இந்த வித்தையைச் சீனர்களிடம் கற்கலாம். பெய்ஜிங்கில் இளவரசர் குங் என்பவரின் மாளிகை ஒன்று உண்டு. முன்னால் வீடு, பின்னால் தோட்டம். 1777 வாக்கில் அதைக் கட்டிக்கொண்டவர் ஹெஷென் என்ற மந்திரி. 1799-இல் அவருக்கு மரண தண்டனை விதித்தபோது சாட்டிய குற்றங்களில் ஒன்று, சக்கரவர்த்தியின் அரண்மனையைப் பார்த்து விலையுயர்ந்த மரத்தால் அறை அமைத்தது. ஓர் அறையே ஒருவருக்கு வினையாயிற்று! 'சிவப்பு மாளிகைக் கனவு' என்ற புகழ்பெற்ற நாவலில் வரும் தோட்டம் இதுதான் என்று அங்கே பலர் சாதிக்கிறார்கள். நாவலாசிரியர் த்ஸாவ் சுவேசின், மந்திரி வீடு கட்டுவதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் முன்பே இறந்துவிட்டார். இருந்தும் ஜனங்கள் தேடுகிறார்கள். ஏன்?

அந்தக் கதைக்குள் நடந்து போக முடிகிறது, அதனால்தான். சக்கரவர்த்தியின் மனைவியாகிவிட்ட பெண் ஓர் இரவு பிறந்தகம் வந்து போவதற்காகக் கட்டிய தோட்டம் அது. பிறகு வீட்டு இளசுகள் அதில் ஆளுக்கொரு குடிலில் வசிக்கிறார்கள். மூங்கில் சூழ்ந்த குடிலில் இருப்பவள் யார் என்று குடிலே சொல்லிவிடும். தோட்டம் வெறிச்சோடும்போது குடும்பம் சரிவதை நாம் காலால் உணர்கிறோம்.

தெரியாததைக் கற்பனை செய்ய நாவலாசிரியனுக்கு உரிமை உண்டு. கற்பனை செய்யாமலே தப்பித்துக்கொள்ள உரிமை இல்லை.

என் தொடர்கதையைப் புத்தகமாக்கத் திருத்துகிறேன். தூண்களில் பாதியை எடுத்துவிட்டேன். அவை இருந்த இடத்தில் ஒரு குறுகலான நடை வைத்திருக்கிறேன். அதன் முனையில் விளக்கோடு தூங்கி வழியும் ஒரு தாதி. அவளைத் தாண்டித்தான் ராணி தர்பாருக்கு வரவேண்டும். தெருக்கோடி அம்மாளிடம் இன்னும் காட்டவில்லை. காட்டினால், அடுக்களை எங்கே என்று கேட்பார்.