நியூ பேலன்ஸ் 574: பெட்டியில் வைக்காதீர்கள், போட்டு நடங்கள்

நியூ பேலன்ஸ் 574-ஐக் கடையில் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் சொல்லும் முதல் குறை, ‘குண்டாக இருக்கிறதே’ என்பதுதான். உண்மைதான். முன்பக்கம் உருண்டு அகன்றிருக்கும், குதிகால் பக்கம் தடித்திருக்கும், இன்றைய ஓட்ட ஷூக்களின் கூரான வடிவம் எங்கும் இருக்காது. சில மாதங்களாகச் சென்னையில் இதைப் போட்டு நடந்துகொண்டிருக்கிறேன். இந்த ஷூவின் நல்ல குணங்களில் பாதி, அந்தக் குண்டு உருவத்தில்தான் இருக்கிறது என்பது என் தீர்ப்பு.

574 வந்தது 1988-இல். தார்ச்சாலை, மண்பாதை இரண்டிலும் ஓடத் தோதாக, அதற்கு முந்தைய ஒல்லியான பந்தய ஷூக்களைவிட அகன்ற அச்சில் செய்தார்கள். புதுத் தொழில்நுட்பத்தைப் பறைசாற்றவோ விலையுயர்ந்த தோலைக் காட்டவோ செய்த மாடல் அல்ல. அந்தப் பெருமையெல்லாம் 1982-இல் நூறு டாலர் விலையோடு வந்து அமெரிக்க ஓட்டக்காரர்களைத் திகைக்க வைத்த, இதே நிறுவனத்தின் 990-க்கு. 574-இடம் எதிர்பார்த்தது, எந்த வேலைக்கும் ஓரளவு ஒத்துவர வேண்டும் என்பதுதான். இத்தனை ஆண்டுகள் கழித்தும் கடைகளில் நிற்கிறது என்றால் அந்தச் சாதாரணத்தனமே காரணம்.

அகலத்தைப் பற்றி இந்த நிறுவனத்துக்கு அக்கறை அதிகம். 1906-இல் பாஸ்டனில் பாத வளைவைத் தாங்கும் அட்டைகள் செய்யத்தான் தொடங்கியது. 1960-களின் தொடக்கத்தில் விற்ற ‘டிராக்ஸ்டர்’ ஓட்ட ஷூவையே வெவ்வேறு அகலங்களில் கொடுத்தது. நமக்கு இது முக்கியம். வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த பாதம் விரல் பக்கம் விரிந்திருக்கும். தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதங்களை அளந்து 2009-இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. குறுகிய ஷூவில் நம் சுண்டுவிரல் படும் பாடு எல்லோரும் அறிந்தது. அதற்காகப் பலர் ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறார்கள். அப்போது விரலுக்கு இடம் கிடைக்கும். ஆனால் குதிகால் ஒவ்வொரு அடியிலும் மேலெழும், ஷூ மடியும் இடமும் விரல் மூட்டை விட்டு விலகிப்போகும். 574-இல் சரியான நீளத்தையே எடுத்துக்கொண்டு விரல்களை விரித்து வைக்க முடிகிறது. வழக்கமான ஆண்கள் அகலம் ‘டி’. அதைவிட அகன்ற ‘2ஈ’, ‘4ஈ’ அளவுகளும் இந்த மாடலில் உண்டு. நம் கடைகளில் பெரும்பாலும் ‘டி’ மட்டும்தான் வைத்திருக்கிறார்கள். அகன்ற பாதங்கள் நிறைந்த ஊரில் அகல அளவுகளை வரவழைக்காமல் இருப்பது வருத்தமான விஷயம்.

காலடியில் இது மெத்தென்று இருக்காது. கடையில் நாலடி நடந்து பார்த்துவிட்டு ‘கடினமாக இருக்கிறது’ என்று வைத்துவிடுகிறவர்கள் உண்டு. குதிகால் பக்கம் ‘என்கேப்’ என்ற அமைப்பு இருக்கிறது. நடுவில் மென்மையான ஈவிஏ ஃபோம், அதைச் சுற்றி உறுதியான பாலியூரித்தேன் விளிம்பு. வயலுக்கு வரப்பு போல, அந்த விளிம்பு நடுவிலுள்ள ஃபோமைப் பக்கவாட்டில் பிதுங்க விடாது. அதனால் குதிகால் வலப்பக்கமோ இடப்பக்கமோ சரியாமல் நேராக இறங்குகிறது. இதன் அருமை தெரிய ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும். ஜவுளிக்கடையிலோ வகுப்பறையிலோ மாலைவரை நிற்கிறவர்கள், அமுங்கி அமுங்கிப் போகும் ஷூவைவிட இதில் களைப்புக் குறைவதை உணர்வார்கள். முன்பாதத்தின் அடியில் மட்டும் மெத்தை போதவில்லை, உள்ளட்டையும் மெல்லியது. நீண்ட நடைக்கு நல்ல உள்ளட்டை ஒன்றைத் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல்வேன்.

ஓட? வேண்டாம். எடை 300 கிராமுக்கு மேல், குதிகால் உயர்ந்து நிற்கிறது, இன்றைய ஃபோம்கள் அடியைத் திருப்பித் தரும் துள்ளல் இதில் இல்லை. ஓட்டப் பயிற்சிக்கு இதே பணத்தில் இன்று எவ்வளவோ நல்ல ஷூக்கள் கிடைக்கின்றன.

தரம் என்று வரும்போது நான் அதிகம் யோசித்தது அந்தப் பாலியூரித்தேன் விளிம்பைப் பற்றித்தான். தேய்மானத்தையும் அழுத்தத்தையும் தாங்குவதில் அது கெட்டி. அதன் எதிரி ஈரம். காற்றிலுள்ள நீராவி மெல்ல உள்ளே புகுந்து அதன் வேதிப்பிணைப்புகளை அறுக்கும். வெப்பம் கூடினால் இந்த வேலை வேகமாக நடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் புதிதாகவே இருக்கும். என்றாவது ஒரு நாள் போட்டு நடந்தால் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிரும். 1980-களின் ஓட்ட ஷூக்களைப் பத்திரமாகச் சேர்த்து வைத்தவர்கள் உலகம் முழுக்க அறிந்த துயரம் இது. அந்தக் காலத்து அசல் ஜோடிகளை இன்று அலமாரியில் பார்க்கலாம், காலில் போட முடியாது. கடற்கரை ஊர்களின் வெயிலும் புழுக்கமும் இந்தச் சிதைவுக்கு வாகானவை. ஆகவே விசேஷத்துக்கு மட்டும் போடலாம் என்று பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை சுற்றிப் பரணில் வைப்பது இந்த ஷூவுக்குச் செய்யும் கெடுதல். எடுத்துப் போடுங்கள். மற்ற நேரத்தில் காற்றோட்டமான அடுக்கில் வையுங்கள். வைத்தாலும் போட்டாலும் அதற்கு வயதாகத்தான் போகிறது. போட்டால் நமக்கு நடையாவது மிஞ்சும்.

மேல்பக்கம் ஸ்வேட் தோலும் மெஷ் துணியும். அதிலும் சாம்பல் நிறம்தான் இந்த ஷூவின் சொந்த நிறம் என்பேன். வெள்ளை ஷூக்கள் நகரத் தெருவில் சீக்கிரம் அழுக்கானதால் ஓட்டக்காரர்களுக்காக நியூ பேலன்ஸ் தேர்ந்தெடுத்த நிறம் அது. நம் தெருப்புழுதி அதில் உறுத்துவதில்லை. மெஷ் வழியாகக் காற்று புகுவதால் மே மாதத்திலும் கால் வெந்துபோவதில்லை; முழுத்தோல் ரகத்தை இங்கே யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் தைத்து வரும் 574-இன் ஸ்வேட், அமெரிக்காவில் செய்யும் 990-இன் ஸ்வேட் அளவுக்குத் தடிமனோ பட்டுப்போன்ற மினுக்கமோ கொண்டதல்ல. விலை வித்தியாசத்தைப் பார்த்தால் அது நியாயமே. தையல் நேராக இருக்கிறது, ஓரங்களில் பசை வழியவில்லை, அடி ரப்பரின் முடிச்சுகள் பெயர்ந்த நடைபாதையையும் ஜல்லியையும் நன்றாகப் பற்றுகின்றன.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டும் இதை வெளியே எடுக்காதீர்கள். ஸ்வேட் நீரைக் குடிக்கும், காய்ந்தால் திட்டுத்திட்டாகக் கறை விடும், சொரசொரக்கும். நனைந்துவிட்டால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக் காற்றில் காயவையுங்கள். காய்ந்ததும் ஸ்வேட் பிரஷ்ஷால் ஒரே திசையில் தேயுங்கள். வெயிலில் வைக்கவே வேண்டாம். சலவை இயந்திரத்தில் போடுவதும் கூடாது.

நம் வாழ்க்கையில் ஒரு நாளில் எத்தனை வாசல்களில் ஷூவைக் கழற்றுகிறோம்! கோயில், வீடு, சில மருத்துவர்களின் அறை. லேஸை அவிழ்க்காமல் குதிகாலை மிதித்துக் கழற்றும் பழக்கம் இந்த ஷூவின் பின்சுவரை நசுக்கிவிடும். அது போனால் என்கேப் தரும் பிடிமானமும் போகும். மேல் துளை ஒன்றை விட்டுவிட்டு லேஸ் கோத்து, ஷூ கரண்டி ஒன்றை வாசலில் தொங்கவிட்டால் பிரச்சினை தீரும்.

உடைப் பொருத்தத்தைப் பொறுத்தவரை, நேராக இறங்கும் ஜீன்ஸ், தளர்ந்த பருத்திக் கால்சட்டை, குர்தாவின் கீழ் அகன்ற சல்வார் எல்லாவற்றோடும் நிற்கும். கணுக்காலை இறுக்கும் கால்சட்டையோடு போட்டால் பாதம் மட்டும் பெரிதாகத் தெரியும்.

இந்தியாவில் விலை பத்தாயிரம் ரூபாயை ஒட்டி இருக்கிறது. தினமும் போட்டு நடப்பவருக்கு அந்த விலை தகும். தள்ளுபடியில் வாங்குகிறவர்கள் பெட்டியின் ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் கட்டாயம் பாருங்கள். கிடங்கில் மூன்று நான்கு கோடைகளைக் கழித்த ஜோடி என்றால், விலை பாதியாக இருந்தாலும் அதை விட்டுவிட்டுப் புதுச் சரக்கைக் கேளுங்கள். போட்டுப் பார்க்கப் போவது மாலை நேரமாக இருக்கட்டும். நாள் முழுக்க நடந்து கால் சற்று வீங்கியிருக்கும்போது சரியாக இருக்கும் அளவே உங்கள் அளவு.