பழைய கருவியைக் கழற்றுமுன்

மணவூருக்கு அடுத்த இரயில் நிலையம் திருவாலங்காடு. திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அங்கேதான் இருக்கிறது. கரும்பு வண்டிகளையும் புகைபோக்கியையும் நன்கறிந்த நம் பகுதி மாணவர்கள், இத்தகைய ஆலைகளின் உள்ளே கொதிகலனின் நீர்மட்டத்தையும், நீராவியின் அழுத்தத்தையும், சாற்றின் வெப்பநிலையையும் இரவு பகலாகக் காத்து நிற்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பற்றி அதிகம் அறிவதில்லை. பழைய ஆலைகளில் இக்கருவிகளைக் கழற்றிவிட்டு, அட்டை அட்டையாகச் செருகத்தக்க மாடுலர் கருவிகளைப் பொருத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. இம்மாற்றம் வேண்டியதே. ஆனால், அது பல இடங்களில் செய்யப்படும் முறையில் பெருங்குறைகள் உள்ளன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பழைய கருவியின் பெருமையைச் சொல்ல வேண்டும். காற்றழுத்தத்தால் இயங்கிய கருவிகளில் சதுர அங்குலத்திற்கு 3 முதல் 15 பவுண்டு வரையிலான அழுத்தமே செய்தியைச் சுமந்து சென்றது. பின்னர் வந்த மின்னணுக் கருவிகளில் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் அப்பணியை ஏற்றது. இரண்டிலும் விகிதம் 1:5 என்பதைக் கவனியுங்கள். தொடக்க அளவு ஏன் சுழியாக இல்லை? அளவு குறைந்தபட்சத்தில் இருந்தால் 4 மில்லி ஆம்பியர் வரும். கம்பியே அறுந்துவிட்டால் சுழி வரும். இரண்டையும் பிரித்தறிய இதைவிட எளிய வழி ஏது?

புதிய கருவிகளும் இதே கொள்கையில்தான் இயங்குகின்றன. தேவையான அளவுக்கும் உள்ள அளவுக்கும் இடையேயான வேறுபாடு எவ்வளவு, அது எவ்வளவு நேரமாக நீடிக்கிறது, எவ்வளவு விரைவாக மாறுகிறது என்ற மூன்றையும் பார்த்து வால்வைத் திருப்புவதே அக்கொள்கை. கப்பலின் சுக்கானைத் தானே இயக்கும் முறையை ஆராய்ந்த மினார்ஸ்கி 1922-இல் இதனைக் கணித வடிவில் தந்தார். இக்கருவிகளுக்குரிய எண்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை 1942-இல் சீக்லரும் நிக்கோல்சும் வகுத்தனர்.

இந்த எண்களில்தான் முதல் ஆபத்து காத்திருக்கிறது. பழைய கருவியில் ‘விகிதப் பட்டை 50 விழுக்காடு’ என்றிருந்தால், அதன் பெருக்கம் 100-ஐ 50-ஆல் வகுத்து வரும் 2 ஆகும். புதிய கருவி பெருக்கத்தையே கேட்கக்கூடும். பழைய முகப்பைப் பார்த்து 50 என்று பதிந்துவிட்டால், கருவி 25 மடங்கு அதிகமாகத் துள்ளும்! இரண்டாவது எண்ணும் அப்படியே. ‘நிமிடத்திற்கு 2 முறை’ என்பதன் பொருள் 30 விநாடி. அதை 2 நிமிடம் என்று பதிந்தால் கருவி நான்கு மடங்கு மந்தமாகும். 2 விநாடி என்று பதிந்தால் பதினைந்து மடங்கு வேகங்கொள்ளும். கழற்றுமுன் இவற்றையெல்லாம் குறித்துக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதைக்கூடச் செய்யாமல் திருகாணியில் கை வைப்பது அறிவியல் ஆகாது.

இரண்டாவது, அனுபவத்தின் இழப்பு. கொதிகலனிலிருந்து திடீரென்று அதிக நீராவியை எடுத்தால் அழுத்தம் குறைகிறது. நீருக்குள் இருக்கும் ஆவிக்குமிழ்கள் பருக்கின்றன. நீர் உண்மையில் குறைந்து கொண்டிருக்கும்போதே மட்டம் உயர்வதாகத் தோன்றுகிறது. மட்டத்தை மட்டும் நம்பும் கருவி, நீரைக் கூட்ட வேண்டிய நேரத்தில் குறைத்துவிடும். அதனால்தான் நீராவி ஓட்டத்தையும் நீர் ஓட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும் முறை வந்தது. ஓர் ஆலையின் பழைய கருவியில் உள்ள எண்கள், இத்தகைய குணங்களையெல்லாம் கண்டு பல பருவங்களில் திருத்தித் திருத்தி அமைத்தவை. அவற்றை எறிவது ஆலையின் நினைவாற்றலை எறிவதாகும்.

மூன்றாவது குறை மிகக் கொடியது. பழைய பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகம் உண்டு. ஒரே பார்வையில் முழு ஆலையும் தெரியும். புதிய முறையில் எல்லாம் திரைக்குள் அடங்குகின்றன. எச்சரிக்கை மணி அமைப்பதற்குச் செலவில்லை என்பதால் தொட்டதற்கெல்லாம் மணி வைக்கிறார்கள். வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்டு ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 1994 ஜூலை 24 அன்று வெடி நிகழ்வதற்கு முந்தைய 11 நிமிடங்களில் 275 எச்சரிக்கைகள் வந்தன. அதாவது நிமிடத்திற்கு 25. மூடிக் கிடந்த ஒரு வால்வு திறந்திருப்பதாகவும் கட்டுப்பாட்டு அமைப்பு காட்டியது. 26 பேர் காயமுற்றனர். எல்லா மணியும் அடித்தால் எந்த மணியும் அடிக்காததற்குச் சமம் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

‘அப்படியானால் பழையதையே வைத்துக்கொள்ளலாமே’ என்று சிலர் கேட்கலாம். அதுவும் இயலாது. உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. 1964-இல் தொடங்கப்பட்டு, நம் நாட்டு மின் நிலையங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்தளித்த பொதுத்துறை நிறுவனம் இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட். அதன் கோட்டா ஆலையை மூடவே 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்துவிட்டது. மேலும், அளவுகளைப் பதிந்து வைப்பதிலும், பழுதான அட்டையை நொடியில் மாற்றுவதிலும் புதிய கருவிக்கு இணையில்லை.

எனவே, மாற்றுவோர் சில விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். பழைய எண்களை அலகோடு எழுதிக்கொள்க. முக்கியமான வால்வுகளைக் கையால் இயக்கும் வசதியை விட்டுவிடாதீர். வால்வுக்கு இட்ட கட்டளையை மட்டுமன்றி அதன் உண்மை நிலையையும் காட்டச் செய்க. மணிகளைக் குறைத்து வையுங்கள். கருவிக்குள் இருக்கும் நிரலின் படியை ஆலையே வைத்திருக்கட்டும். விற்றவர் போய்விட்டாலும் கருவி ஊமையாகக் கூடாது.

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆலைகள் கழித்தொதுக்கும் பழைய கருவிகள் எடைக்குப் போகின்றன. அவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கி ஆய்வுக்கூடத்தில் வைத்தால், துருத்தியும் நெம்புகோலும் ஒரு சமன்பாட்டைத் தீர்ப்பதை மாணவன் கண்ணால் காண்பான். அதைக் கண்டவன், திரைக்குப் பின்னால் நடப்பதையும் புரிந்துகொள்வான்.