விதித்ததும் வசூலித்ததும்

பனெம் நாட்டில் ஒரு பிள்ளைக்கு 12 வயதானதும் அதன் பெயர் சாவு விளையாட்டுக்கான குலுக்கலில் ஒருமுறை சேரும். பிறகு ஆண்டுக்கு ஒன்றாகக் கூடும். வீட்டில் பட்டினி என்றால், கூடுதலாகப் பெயரைக் கொடுத்து, சீட்டு ஒன்றுக்கு ஓர் ஆளுக்கான தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். 16 வயது நாயகி கேட்னிஸின் பெயர் 20 சீட்டுகளில் இருக்கிறது, அவள் நண்பன் 18 வயது கேலின் பெயர் 42இல். சூசன் காலின்ஸ் 2008இல் வெளியிட்ட 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலின் தொடக்கத்தில் வரும் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தால் பிசகாமல் வருகிறது. கேட்னிஸுக்கு வயதுக்கு 5, மூன்று பேர் வயிற்றுக்காக ஐந்து ஆண்டுகளில் 15. கொடுங்கோன்மை என்று ஒருமுறைகூடச் சொல்லாமல், வறுமை எப்படிச் சாவின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதைக் காலின்ஸ் எண்ணிக் காட்டிவிடுகிறார். பிறகு, ஒரே ஒரு சீட்டு உள்ள தங்கை பிரிமின் பெயர் வருகிறது. கணக்கு சரி, கணக்கை நம்ப முடியாது. இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் நிறுவுவது எளிய சாதனை அல்ல.

டிஸ்டோபியா நாவல்களையும் அமானுஷ்ய நாவல்களையும் புத்தகக் கடைகள் தனித்தனி அலமாரிகளில் வைக்கின்றன. திறனாய்வுக்கு அந்தப் பிரிவினை தேவையில்லை. இரண்டுமே ஆசிரியர் இயற்றிய ஒரு விதியிலிருந்து தொடங்குகின்றன. ஒன்றில் அது அரசின் சட்டம், மற்றதில் இயற்கையின் சட்டம். பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும் என்பதையும், இரத்தம் குடிப்பவருக்குச் சாவில்லை என்பதையும் வாசகர் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறார். அந்த முதல் சலுகைக்குப் பிறகு அவர் எதையும் இலவசமாகத் தர வேண்டியதில்லை. விதியின் விலையை ஆசிரியர் யாரிடம் வசூலிக்கிறார்? நாயகியிடமா, அவளைச் சுற்றி நிற்பவர்களிடமா? தொடரின் கடைசித் தொகுதி வரை அந்த விதி நிற்கிறதா, அல்லது அன்புக்குரிய பாத்திரம் மாட்டிக்கொண்டதும் தளர்த்தப்படுகிறதா? இளையோர் நாவலைப் பற்றி எழுதுவோர் பலரும் அதில் நல்ல முன்மாதிரி உண்டா, காலத்துக்கு ஏற்ற செய்தி உண்டா என்று தேடுகிறார்கள். அது நூலைக் குழந்தையாக்கும் கேள்வி. பதினைந்து வயது வாசகருக்கும் வடிவம் தெரியும். ஏமாற்றப்பட்டால் அவருக்கும் உறைக்கும்.

இந்த அளவுகோலில் காலின்ஸ் தன் முதல் தொகுதியிலேயே தடுமாறுகிறார். 24 பேரில் ஒருவரே மிஞ்சலாம் என்பது விதி. அப்படியானால் கேட்னிஸ் ஒரு கட்டத்தில், தனக்குத் தீங்கு நினைக்காத ஒருவரைக் கொன்றாக வேண்டும், அல்லது கொல்ல மறுத்துச் சாக வேண்டும். அந்தக் கட்டம் வராதபடி ஆசிரியர் மிகுந்த திறமையோடு பார்த்துக்கொள்கிறார். சிறுமி ரூவை வேறொருவன் கொல்கிறான், அவனைக் கேட்னிஸ் கொல்வது பதிலடி ஆகிவிடுகிறது. குளவிக்கூட்டை வெட்டி வீழ்த்துவது தற்காப்பு. எதிராளி கேட்டோவின் உடலில் பாயும் கடைசி அம்பு கருணை. ரூவுக்காகக் கேட்னிஸை உயிரோடு விட்ட திரெஷ், வாசகர் காணாத இடத்தில் இறந்துபோகிறான். இருவரும் நேருக்கு நேர் நிற்கும் காட்சியே நாவலின் உண்மையான சோதனையாக இருந்திருக்கும். அது எழுதப்படவில்லை. தன்மைக்கூற்றும் நிகழ்காலமும் சேர்ந்த நடை வாசகரை மூச்சுவிட விடாமல் இழுத்துச் செல்வதால், இந்த விடுபடல் முதல் வாசிப்பில் கண்ணில் படுவதில்லை. நடையின் வேகம் ஒரு குணம். இங்கே அது ஒரு குறையையும் மறைக்கிறது.

அதே 2008இல் பாட்ரிக் நெஸ் 'தி நைஃப் ஆஃப் நெவர் லெட்டிங் கோ' நாவலை வெளியிட்டார். 'கேயாஸ் வாக்கிங்' முத்தொகுதியின் முதல் நூல் அது. ஆண்களின் எண்ணங்கள் எல்லோர் காதிலும் விழும் ஒரு குடியேற்ற உலகம். பெண்களின் எண்ணம் மட்டும் கேட்காது. டாட் என்ற சிறுவனின் ஊரில், ஒரு மனிதனைக் கொன்றால்தான் பையன் ஆணாவான். ஊர் அவனைத் துரத்துகிறது, அவன் கையில் கத்தி இருக்கிறது. எந்த வாசகரும் இந்த நூல் டாட்டைக் கொலையிலிருந்து காப்பாற்றும் என்றுதான் எதிர்பார்ப்பார். காப்பாற்றவும் செய்கிறது, போதகர் ஆரனை, டாட்டோடு ஓடும் சிறுமி வயோலா கொல்கிறாள். ஆனால் அதற்கு வெகுமுன்பே டாட் ஒரு ஸ்பாக்கிளைக் குத்திக் கொன்றுவிட்டான். ஸ்பாக்கிள்கள் அந்த உலகின் பூர்வகுடிகள். இறந்தது அவனைத் தாக்க வந்ததல்ல. பயத்திலும் வெறுப்பிலும், கற்பிக்கப்பட்ட பொய்யை நம்பியும் செய்த கொலை அது. ஊரின் கணக்கில் ஸ்பாக்கிள் மனிதன் இல்லை, ஆகவே டாட் இன்னும் 'ஆண்' ஆகவில்லை. நாவல் அந்தக் கணக்கை ஏற்க மறுக்கிறது. காலின்ஸ் தவிர்த்த இடத்துக்கு நெஸ் நேராக நடந்து போயிருக்கிறார்.

அதன் பலன் அடுத்த தொகுதிகளில் தெரிகிறது. 2009இல் வந்த 'தி ஆஸ்க் அண்ட் தி ஆன்ஸர்' நாவலில் டாட், மேயர் பிரென்டிஸின் கையாளாக, ஸ்பாக்கிள்களின் கைகளில் எண்ணிட்ட இரும்பு வளையம் பூட்டுகிறான். நல்லவன் எப்படிப் படிப்படியாகக் கொடுமையின் ஊழியனாகிறான் என்பதை இளையோர் இலக்கியத்தில் இவ்வளவு பொறுமையாக எழுதிக்காட்டிய நூல் நான் அறிந்தவரை வேறில்லை. மூன்றாவது நூலான 'மான்ஸ்டர்ஸ் ஆஃப் மென்' 2010இல் வந்து, மறு ஆண்டு கார்னெகி பதக்கம் பெற்றது. அதில் வளையம் பூட்டப்பட்ட ஒரு ஸ்பாக்கிளே மூன்றாம் கதைசொல்லியாகிறது. முதல் நூலில் ஒரு குரல், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. நோக்குநிலை விரிய விரிய டாட்டின் குற்றம் பெரிதாகத் தெரிகிறது. உத்தியும் அறமும் ஒரே அசைவில் நகர்கின்றன.

நெஸ்ஸின் குறைகளும் சிறியவை அல்ல. டாட் அறிந்துகொண்ட உண்மையை வாசகருக்குச் சொல்லாமல் அத்தியாயம் அத்தியாயமாக இழுத்தடிப்பது, எண்ணங்கள் ஒளிக்க முடியாதவை என்ற தன் விதிக்கே செய்யும் துரோகம். அந்த உலகில் கதைசொல்லி மட்டும் எப்படி ரகசியம் காக்கிறான்? ஆரன் ஒவ்வொரு முறையும் செத்தான் என்று நினைக்கும்போது எழுந்து வருவது மலிவான திகில். எண்ண இரைச்சலைப் பக்கத்தில் கோணல்மாணலாக அச்சிடும் உத்தி தொடக்கத்தில் அர்த்தம் தருகிறது, பின்னால் அலங்காரமாகிறது. நாய் மான்சீயின் சாவில் வாசகரின் கண்ணீரைக் கொஞ்சம் பிழிந்து எடுக்கிறார் என்றும் சொல்லலாம். நான் அதை மன்னிக்கிறேன். அந்தச் சாவு டாட்டின் முடிவால் நேர்கிறது, விபத்தால் அல்ல.

காலின்ஸுக்கும் நியாயம் செய்ய வேண்டும். 2010இல் வந்த 'மாக்கிங்ஜே' கட்டமைப்பில் மூன்று தொகுதிகளிலும் மிகப் பலவீனமானது. தலைநகர் கேபிடலுக்கு எதிரான போரின் முக்கியத் திருப்பங்களின்போது கேட்னிஸ் மயக்கத்திலோ மருந்தின் பிடியிலோ இருக்கிறாள். அவள்மீதான விசாரணையே அவள் இல்லாமல் நடந்து முடிகிறது. தன்மைக்கூற்றைத் தேர்ந்த ஆசிரியர் அதன் எல்லையில் முட்டிக்கொண்டு நிற்கிறார். ஆயினும் முதல் தொகுதி வசூலிக்கத் தவறிய விலை இங்கே வட்டியோடு வசூலாகிறது. உதவிக்கு ஓடி வருபவர்களைக் கொல்வதற்கென்றே இரண்டாம் முறை வெடிக்கும் பொறியைத் திட்டமிட்டவர்களில் ஒருவன் கேல், அவளுடைய ஆருயிர் நண்பன். அத்தகைய குண்டில் எரிகிறாள் பிரிம். முதல் பக்கங்களில் யாருக்காகக் கேட்னிஸ் தன்னைக் கொடுத்தாளோ அவளே இல்லாமல் போகிறாள். புரட்சித் தலைவி காயின், கேபிடலின் குழந்தைகளை வைத்துக் கடைசியாக ஒரு விளையாட்டு நடத்தலாமா என்று கேட்கும்போது கேட்னிஸ் சம்மதம் என்கிறாள். அவளுடைய அம்பு அதிபர் ஸ்னோவை விட்டுக் காயின் மீது பாயும்போது அந்தச் சம்மதம் தந்திரமாக இருந்திருக்கலாம் என்று தோன்றும். நாவல் உறுதியாகச் சொல்வதில்லை. வெற்றியை ருசிக்க விடாமல் முடியும் இந்தத் தொகுதியைப் பலர் வெறுக்கிறார்கள். மூன்றில் இதுவே நேர்மையானது என்பேன்.

வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' தொடரில் நீண்ட நேரம் நிற்க வேண்டியதில்லை. சிகாகோ மக்கள் ஐந்து குணங்களின்படி ஐந்து பிரிவுகளாக வாழ்கிறார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட குணம் உள்ளவர் ஆபத்தானவர். இரண்டு குணம் இல்லாத மனிதர் யார் என்று முதல் நூலிலேயே வாசகர் கேட்டுவிடுகிறார். 2013இல் வந்த 'அலீஜியன்ட்' அதற்கு மரபணுச் சோதனை என்று விடை சொல்கிறது. அந்த விளக்கம் கேள்வியைத் தீர்ப்பதற்குப் பதிலாக, அதுவரை நடந்த போராட்டத்தையே ஆய்வுக்கூடத் தகவலாகச் சுருக்கிவிடுகிறது. அதே தொகுதியில் நாயகி டிரிஸ், அவள் காதலன் டொபையஸ் என்று இரு குரல்கள் மாறி மாறிப் பேசுகின்றன. அத்தியாயத் தலைப்பை மறைத்தால் யார் பேசுவது என்று சொல்ல முடியாது. தன் நாயகியைச் சாகவிடும் துணிவு ராத்துக்கு இருந்தது, அதை மதிக்கிறேன். அஞ்சும் காட்சிகளைக் கற்பனையில் எதிர்கொள்ளச் செய்யும் பயிற்சியும் நல்ல கண்டுபிடிப்பு. இரண்டும் சேர்ந்தும் அடித்தளத்தின் விரிசலை மூட முடியவில்லை.

அமானுஷ்யத்தின் பக்கம் வந்தால், ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' நூல்களை ஏளனம் செய்து கடப்பது எளிது, நியாயமல்ல. 2005இல் வந்த முதல் நூலில் விருப்பத்தையும் ஆபத்தையும் ஒரே உடலில் வைத்து, நெருக்கம் ஒவ்வொன்றையும் அச்சமாக்கும் கட்டுப்பாடு அவரிடம் இருந்தது. 'நியூ மூன்' நூலில் காதலனான இரத்தக்காட்டேரி எட்வர்ட் பிரிந்துபோன பின் நாயகி பெல்லாவின் வாழ்க்கையை, மாதத்தின் பெயர் மட்டும் அச்சிட்ட வெற்றுப் பக்கங்களாகத் தந்தது துணிச்சலான வடிவத் தேர்வு. துயரத்தைப் பற்றி எழுதாமலே எழுதிவிட்டார். அவர் நூல்கள் நெடுக விதித்த விதிகள் மூன்று. புதிதாக மாறிய இரத்தக்காட்டேரி ஓராண்டோ அதற்கு மேலோ தாகத்தின் அடிமை. மாறினால் பெற்றோரை இழக்க வேண்டும். வொல்டூரி என்னும் ஆளும் குலத்தை மீறினால் அழிவு. 'எக்லிப்ஸ்' நூலில் புதியவர்களின் படையையே இறக்கி முதல் விதியை நிரூபித்தும் காட்டினார்.

2008இல் வந்த 'பிரேக்கிங் டான்' மூன்றையும் ரத்து செய்கிறது. பெல்லா மாறிய பிறகு முதல் வேட்டையிலேயே மனித வாடையை உதறிவிட்டுத் திரும்புகிறாள். தந்தை சார்லி பெரும்பாலும் உண்மையை அறிந்தும் அறியாமலும் மகளோடு உறவைத் தொடர்கிறார். வொல்டூரி திரண்டு வந்து, பேசி, திரும்பிப் போகிறது. ஐரினா ஒருத்தியின் சாவு தவிரப் போர்க்களத்தில் எந்த இழப்பும் இல்லை. 2012இல் திரைப்படம் எடுத்தவர்கள் எதிர்காலத்தைக் காணும் ஆலிஸின் முன்காட்சியாக ஒரு முழுப் போரையே புகுத்தினார்கள். நூலில் இருந்த பள்ளம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெல்லாவின் கர்ப்பத்தைச் சொல்லும் பகுதியின் உடல் வதை மெய்யானது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வதைக்குக் கிடைக்கும் பரிசு, செலுத்திய விலையைப் போல் பல மடங்கு. பெல்லா எதையும் இழக்காமல் எல்லாவற்றையும் பெறுகிறாள். மூன்று நூல்களின் அச்சமும் அப்போது பொய்யாகிறது.

இதற்கு நேரெதிராக நிற்பது நீல் கெய்மனின் 'தி கிரேவ்யார்ட் புக்', அதுவும் 2008. குடும்பம் கொலையுண்ட குழந்தையைக் கல்லறைத் தோட்டத்தின் ஆவிகள் வளர்க்கின்றன. கிப்ளிங்கின் 'தி ஜங்கிள் புக்' நூலின் அமைப்பை எடுத்து, காட்டின் இடத்தில் கல்லறையை வைத்திருக்கிறார். பாட் என்னும் அந்தச் சிறுவனுக்கு இருட்டில் பார்க்கவும் மறையவும் வரம் உண்டு. அந்த வரம் இரவல். வளர வளர அது கழன்று போகிறது, வளர்த்த தாயின் உருவமும் மங்கி மறைகிறது. பாட் தன் எதிரியைக் கல்லறைக்குக் கீழே உள்ள பழைய காவலனிடம் ஒப்படைத்த விதத்தைக் கண்டு தோழி ஸ்கார்லெட் மிரண்டு அவனை வெறுக்கிறாள். அவளுடைய நினைவும் அழிக்கப்படுகிறது. கொலைகாரர்களின் உலகளாவிய சங்கமும் அவர்களுக்கென்று ஒரு முன்னறிவிப்பும் இந்த நூலின் சோம்பேறித்தனமான பகுதிகள், காரணமே தேவைப்படாத கொலைக்குக் காரணம் தேடுகின்றன. கட்டமைப்பு தனித்தனிக் கதைகளாகப் பிரிவதால் நடுவில் பதற்றம் தொய்கிறது. இருந்தும் விதியில் ஓர் எழுத்தையும் கெய்மன் தளர்த்தவில்லை.

இவை அனைத்துக்கும் முன்னால் நான் வைப்பது லாயிஸ் லௌரியின் 'தி கிவர்'. 1993இல் வந்து மறு ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்ற சிறிய நூல். வலியும் நிறமும் நினைவும் நீக்கப்பட்ட சமூகம், எல்லோரின் நினைவுகளையும் சுமக்கும் ஒருவர், அவருக்கு வாரிசாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 12 வயது ஜோனஸ். நிறம் எப்படி அழிந்தது, நினைவு எப்படிக் கைவழியே பாய்கிறது என்பதற்கு லௌரி விளக்கமே தருவதில்லை. டிஸ்டோபியாவின் நடுவில் அமானுஷ்யத்தை வைத்துவிட்டு அமைதியாக நகர்கிறார். விளக்கம் சொல்லப்போய் ராத் இழந்ததை இவர் சொல்லாமல் காத்துக்கொள்கிறார். தன் தந்தை, குழந்தைகளைப் பராமரிக்கும் மென்மையானவர், இரட்டையரில் எடை குறைந்ததை ஊசியால் கொன்று, அதற்குக் கையசைத்து விடை சொல்வதை ஜோனஸ் பார்க்கிறான். ஒரு கொடியவன்கூட இல்லாத காட்சி அது. காலின்ஸுக்கு ஸ்னோ தேவைப்பட்டார், நெஸ்ஸுக்குப் பிரென்டிஸ். லௌரிக்கு அன்பான ஒரு தந்தை போதும்.

லௌரியின் நடை சில இடங்களில் வறண்டிருக்கிறது. துணைப்பாத்திரங்கள் மெலிந்தவை. அந்த வறட்சி உணர்ச்சியற்ற சமூகத்தின் மொழி என்று சிலர் வாதாடுவார்கள். பாதிதான் ஏற்கிறேன், நினைவுகள் வந்த பிறகும் ஜோனஸின் மொழி போதிய அளவு மாறவில்லை. முடிவில் குழந்தையைச் சுமந்து பனியில் போகிற ஜோனஸ் பிழைத்தானா இறந்தானா என்பதை லௌரி திறந்தே விட்டார். 2004இல் எழுதிய 'மெசஞ்சர்' நூலில் அவனை உயிரோடு ஊர்த்தலைவனாகக் கொண்டுவந்து அந்தக் கதவைத் தாமே மூடினார். வாசகர்களின் வற்புறுத்தலோ ஆசிரியரின் பாசமோ, காரணம் எதுவானாலும் அது சலுகைதான். நான் முதலிடம் தருவது 1993இல் பனியில் முடிந்த அந்த ஒற்றை நூலுக்கு மட்டும். தொடர்ச்சிகளையும் சேர்த்து ஒரே படைப்பாக எடை போட வேண்டும் என்று யாரேனும் வற்புறுத்தினால், நெஸ்ஸின் முத்தொகுதியை அதற்கு மேலே வைக்கத் தயங்க மாட்டேன்.